கலைச்சொல்: முகமே விளக்கானால் அந்த ஒளிக்கு என்ன பெயர்?

அன்பு நண்பர்களுக்கு,

ஓர் ஓவியத்தில் முகத்திலிருந்தே வீசும் ஒளிக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். நீங்கள் அனுப்பிய பதில்களுக்கு என் மறுமொழி இது.

> 'உள்ளொளி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, வெள்ளிக்கிழமை வகுப்பில் பாடக்குறிப்பைக் கொடுத்தாக வேண்டும். எந்தப் படத்துக்காகக் கேட்கிறேன் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1937இல், கலைஞர்களை ஆதரித்த ஆங்கிலேயக் கவிஞர் எட்வர்ட் ஜேம்ஸை வரைந்த உருவப்படம். கோட்டு, டை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. மேசைமேல் கை, பக்கத்தில் ஒரு கல். தலை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கண் கூச ஒளி வெடிக்கிறது. சுற்றிலும் அடங்கிய நிறங்கள். அதனால்தான் அந்த வெளிச்சம் அப்படி அறைகிறது.

வழக்கமான உருவப்படத்தில் ஜன்னலோ மெழுகுவர்த்தியோ முகத்துக்கு வெளிச்சம் தரும், மூக்கின் ஒரு பக்கம் நிழல் விழும். அதற்கு 'ஒளிநிழல்' போதும். இங்கே முகமே விளக்கு. 'உள்ளொளி' என்று எழுதினால் பிள்ளைகள் தியானம், ஞானம் என்று போய்விடுவார்கள். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' குறளை நீங்கள் எடுத்துக்காட்டியது அழகுதான். ஆனால் குறளில் முகம் நெஞ்சைக் காட்டிக்கொடுக்கிறது. மாக்ரித் ஒளியைக் கொண்டே முகத்தை மறைத்துவிடுகிறார்.

'அகவொளி' சொன்ன தோழிக்கு: சொற்புணர்ச்சி சரி. ஆனாலும் அகம், புறம் என்றதும் அறைக்குள் எரியும் விளக்குதான் நினைவுக்கு வருகிறது.

என் தேர்வு 'தன்னொளி'. விண்மீன்களுக்குத் தன்னொளி உண்டு, நிலவுக்கு இல்லை என்று அறிவியலில் படித்தவர்களுக்கு மேலே விளக்கவே வேண்டாம்.

> 'வண்ணம்' வடசொல். 'நிறம்' என்றே எழுதுக.

சரி, குறிப்பில் 'நிறம்' என்றே போடுகிறேன், எளிய சொல் என்பதால். அதற்காக வண்ணத்தை விரட்ட மனம் வரவில்லை. தொல்காப்பியரே செய்யுளுக்கு 20 வண்ணங்கள் சொல்கிறார், அங்கே அது ஓசை வகை என்றாலும். அப்புறம், சங்கப் பாடல்களில் நிறம் என்றால் மார்பும்கூட. வேல் பாயும் இடம். உருவப்படம் பற்றிப் பேசும்போது இந்தப் பொருள் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பாடத்துக்கு உதவாது, தெரியும்.

இதுவரை மூன்று பேர் தன்னொளி பக்கம், ஐயா மட்டும் உள்ளொளி பக்கம். வெள்ளி காலைக்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்கிறேன். மாக்ரித் சார்ந்த சர்ரியலிசம் என்ற கனவுத்தன்மையான கலை இயக்கத்துக்கு 'மீமெய்யியம்' என்ற சொல் பொருந்துமா என்று அடுத்த வாரம் பேசுவோம். இப்போதைக்குச் சர்ரியலிசம் சர்ரியலிசமாகவே போகட்டும்.