விலைக்கு வாங்காத செல்லங்கள்

நீடாமங்கலத்திலிருந்து

டெல்டாவில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சிறுவயதில் உங்கள் வீட்டில் வளர்ந்த பிராணியை யாராவது காசு கொடுத்து வாங்கினார்களா? எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. ஒன்று தானாக வந்து சேரும், இல்லையென்றால் யாராவது விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி வந்தவற்றைப் பற்றி எழுதுங்கள். முதலில் என் கதை.

சம்பா அறுப்பு முடிந்து மாசி பிறந்தால் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் செம்மறி மந்தையோடு வந்துவிடுவார்கள். பகலில் அறுத்த வயலில் மேய்ச்சல், இரவில் வயலிலேயே மந்தையைப் பட்டிக்குள் அடைத்துக் கிடை. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்காக நிலத்துக்காரர் கீதாரிக்கு நெல்லோ பணமோ கொடுப்பார். ஒரு வருடம் எங்கள் வயலில் கிடை போட்டிருந்தபோது ஓர் ஆடு இரட்டைக் குட்டி ஈன்றது. ஒன்றுக்கு மட்டும் மடியைக் கொடுத்தது, மற்றதை முட்டித் தள்ளியது. மறுநாள் மந்தை வேறு ஊருக்கு நகர வேண்டும். கீதாரி அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “பிழைத்தால் உங்களுடையது ஆத்தா” என்று அப்பாயி மடியில் போட்டுவிட்டுப் போனார்.

என் தங்கைக்கு மருந்து புகட்டும் பாலாடையில்தான் அதற்கும் பால். அம்மா முகம் சுளித்தார், அப்பாயி கண்டுகொள்ளவில்லை. குட்டி பிழைத்தது மட்டுமல்ல, வீட்டையே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டது. வெயில் காலத்தில் தாழ்வாரம், மழை பெய்தால் நெற்குதிருக்குப் பக்கத்தில் படுக்கை. அப்பாயி ஆற்றுக்குக் குளிக்கப் போனால் படித்துறை வரை கூடவே போகும். மார்கழியில் வாசல் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரில் செருகும் பூசணிப்பூவை ஒன்று விடாமல் தின்றது. எங்கள் வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தெரு முழுக்கத் தின்றது. சண்டைக்கு வந்தவர்களிடம் அப்பாயி, “உங்கள் பிள்ளையார் மட்டும் அந்தப் பூவைச் சாப்பிடப் போகிறாரா?” என்று கேட்டார்.

அடுத்த மாசியில் அதே கீதாரி வந்தார். கிடாவைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “இது இனிமேல் கிடையில் அடையாது” என்றார். கொண்டுபோய் விட்டும் பார்த்தோம். மற்ற ஆடுகளைக் கண்டு மிரண்டு, பட்டியைத் தாண்டி இருட்டோடு இருட்டாக வீட்டுக்கு ஓடிவந்துவிட்டது.

குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் வருடம் வந்தபோது சித்தப்பாவின் பார்வை அதன் மேல் விழுந்தது. “பாலாடையில் பால் குடித்த யாரையும் இந்த வீட்டில் வெட்டுவதில்லை” என்றார் அப்பாயி. பேச்சு அதோடு முடிந்தது. சந்தையில் வேறு கிடா வாங்கினார்கள். எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆடு அதுதான். அது ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து

ஆடும் மாடும் வளர்க்க உங்களுக்கு இடம் இருந்தது. நாங்கள் இருந்தது ஒண்டுக்குடித்தனம்: ஒரு முற்றம், நான்கு குடும்பங்கள், ஒரு பூனை. யாருடைய பூனை என்று கேட்டால் நான்கு வீட்டிலும் “எங்களுடையது” என்பார்கள். எலி பிடிக்காத நாட்களில் மட்டும் “அடுத்த வீட்டுடையது”. ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். எந்தப் பெயருக்கும் அது திரும்பிப் பார்த்ததில்லை. மீன் நறுக்க அரிவாள்மணையைத் தரையில் வைக்கும் ஓசைக்கு மட்டும் எங்கிருந்தாலும் வந்து நிற்கும். நான்கில் இரண்டு குடும்பங்கள் சைவம். குட்டி போட மட்டும் அந்த இரண்டு வீட்டுப் பரணுக்குத்தான் போகும். அங்கேதான் அமைதி போலும்.

தலைஞாயிறு பக்கத்திலிருந்து

மாட்டையும் நாங்கள் வாங்கியதில்லை. தாத்தா காலத்துப் பசு வீட்டிலேயே ஈன்று பெருகிய வம்சம்தான் கொட்டகையில் இருந்தது. உம்பளச்சேரி மாடு. அதன் கன்று பிறக்கும்போது நல்ல செம்பழுப்பாக இருக்கும், ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறிவிடும். நெற்றிச் சுட்டியும் காலின் வெள்ளையும் மட்டும் அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கு இது தெரியும். என் தங்கைக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் ‘செவலை’ என்று பெயர் வைத்துக் கொஞ்சிய கிடேரிக் கன்றை விட்டுவிட்டு அம்மாயி வீட்டில் தங்கிப் படிக்கப் போனாள். லீவுக்குத் திரும்பிவந்து கொட்டகைக்கு ஓடினால் அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கன்று. “என் செவலையை யாருக்கு விற்றீர்கள்?” என்று ஒரே அழுகை. தாத்தா நெற்றிச் சுட்டியைக் காட்டினார், அப்பா சத்தியம் செய்தார். இரண்டையும் அவள் ஏற்கவில்லை. கடைசியில் கன்றே அவள் பாவாடை நுனியை வாயில் இழுத்துப் போட்டு மென்றது. அது செவலையின் பழைய வழக்கம். அழுகை நின்றது. அது சாகும் வரை சாம்பல் நிற மாட்டைச் செவலை என்றே கூப்பிட்டோம். வெளியூர்க்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் உழவுக் காளைகளின் கொம்பைச் சிறுவயதிலேயே தீய்த்து மோழையாக்கிவிடுவார்கள். அதனால் மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடிக்கும் வேலை பசுக்களோடு முடிந்துவிடும். காளைகளுக்கு நெட்டி மாலை மட்டும்தான். செவலைக்கு இரண்டும் வேண்டும் என்று தங்கை அடம்பிடிப்பாள்.

இந்த மாடு பால் கறக்காது என்று குறை சொல்லித்தான் எல்லோரும் கலப்பின மாட்டுக்குப் போனார்கள். முழங்கால் புதையும் சேற்றில் ஏர் இழுப்பதற்கென்று இருந்த இனத்திடம் லிட்டர் கணக்குக் கேட்டால் அது என்ன செய்யும்? டிராக்டர் வந்ததும் அந்த வேலையும் போயிற்று. திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கை அரசுப் பண்ணையில் இந்த இனத்தை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். தங்கை தன் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்ச் செம்பழுப்புக் கன்றுகளைக் காட்டி, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரக் கிராமத்திலிருந்து

என் வயதுக்காரர்கள் இங்கே அதிகம் இருக்க மாட்டார்கள். 1977 நவம்பர் 12 புயலின்போது நான் பள்ளிச் சிறுவன். காற்று ஏறியதும் அப்பா முதலில் செய்த வேலை, அரிவாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டதுதான். முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. “கட்டிக் கிடந்தால் சாகும், விட்டால் மேட்டைத் தேடிப் போகும்” என்றார். பிறகுதான் எங்களைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினார். மாட்டுக்குப் பிறகுதான் நாங்களா என்று அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடங்கள் அவரைக் கேலி செய்தார்.

விடிந்தபோது கொட்டகை இல்லை, வைக்கோல் போர் இல்லை. மாடுகளும் இல்லை. தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு எங்கள் பசு மட்டும் வாய்க்கால் கரையோடு நடந்து வந்தது. அதன் பின்னால் ஒரு காளைக்கன்று. எங்களுடையதல்ல. கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு சின்ன மணி கட்டியிருந்தது. யாரோ ஆசையாக வளர்த்திருக்கிறார்கள். அப்பா கிழக்கே இருந்த ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிக் கேட்டார். பொங்கல் வரை வைத்திருப்போம், யாராவது தேடி வருவார்கள் என்றார். பொங்கலும் வந்தது. கன்றைத் தேடி யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

அந்த மணியைக் கழற்ற அப்பா கடைசிவரை சம்மதிக்கவில்லை. கயிறு இற்றுப்போனால் அதே சிவப்பில் புதுக் கயிறு. சொந்தக்காரர் எப்போது வந்தாலும் அடையாளம் தெரிய வேண்டுமாம். எனக்கும் தம்பிக்கும் அதன் மேல் ஏறிச் சவாரி செய்ய அனுமதி உண்டு, அடிக்க மட்டும் கூடாது, “அடுத்த வீட்டுப் பிள்ளையை அடிப்பாயா?” என்பார்.

2018இல் கஜா புயல் நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. முந்தின இரவு நான் சென்னையில் இருந்தேன். ஊரிலிருந்த தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மாடுகளை விட்டுவிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவனே, “கயிற்றை அறுத்தாயிற்று அண்ணா” என்றான்.

திருவையாற்றிலிருந்து

பெரியவர் எழுதியதற்குப் பிறகு என் கிளிக் கதையைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். கிளி வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், யாரும் இதைப் படித்துவிட்டுக் கூண்டு வாங்கப் போக வேண்டாம். எங்கள் வீட்டுக்கு அது வந்தது பட்டுப்போன தென்னையை வெட்டியபோது. பொந்திலிருந்து இறகு முளைக்காத குஞ்சாக விழுந்தது.

பேச்சு வரும் பருவத்தில் மாமா அதற்குத் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அம்மாயி தன் வாழ்நாளில் உச்சரிக்காத பெயர் அது. கிளி அதை அதிகாரமாகக் கூப்பிடும், மரியாதை விகுதிகூட இல்லாமல். முதலில் அம்மாயி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். பிறகு அதன் வசதி புரிந்துவிட்டது. சாப்பாடு ஆறுகிறது என்றால் கூண்டுக்குப் பக்கத்தில் போய் ஒரு கோவைப்பழத்தைக் காட்டுவார். கிளி ஊர் கேட்கக் கத்தும், திண்ணையில் சீட்டாடிக்கொண்டிருக்கும் தாத்தா எழுந்து வருவார். ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டபோதும் அம்மாயி கூண்டைத்தான் கைகாட்டினார். அன்று பார்த்து அது வாயே திறக்கவில்லை.