லூபஸ் பிளாஸ்மா எக்சோசோம்: இன்டர்ஃபெரானைத் தூண்டுவது எது?

கேள்வி:
லூபஸ் (எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்) நோயாளிகளின் பிளாஸ்மாவை 1,00,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசையில்) 70 நிமிடம் சுழற்றிக் கிடைத்த படிவை பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல்களில் (இன்டர்ஃபெரானை அதிகம் சுரக்கும் எதிர்ப்புச் செல்கள்) சேர்த்தால் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா (எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புரதம்) எகிறுகிறது. காரணம் எக்சோசோமுக்குள் (செல்கள் வெளிவிடும் நுண்ணிய சவ்வுப் பை) இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏவா (மிகக் குட்டையான ஆர்என்ஏ), கூடவே படிந்த இம்யூன் காம்ப்ளெக்ஸா (ஆன்டிபாடியும் அது பிடித்த ஆர்என்ஏ-புரதமும் சேர்ந்த திரள்)?

பதில் 1:
அந்தப் படிவை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆர்என்ஏ கொண்ட காம்ப்ளெக்ஸ், மைக்ரோ ஆர்என்ஏ இரண்டுமே டிஎல்ஆர்7-ஐ (செல்லுக்குள் ஆர்என்ஏவை உணரும் ஏற்பி) தூண்டும், அதனால் டிஎல்ஆர்7 தடுப்பான் போட்டுப் பிரிக்க இயலாது. பாதை வேறு: இம்யூன் காம்ப்ளெக்ஸ் பெரும்பாலும் சிடி32 (செல்லின் மேல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஏற்பி) வழியாக உள்ளே போகும். சிடி32-ஐத் தடுக்கும் ஆன்டிபாடியை முதலில் கொடுங்கள். இன்டர்ஃபெரான் சரிந்தால் சந்தேகம் காம்ப்ளெக்ஸ் மேல்.

அடுத்து நொதிச் சோதனை. ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவை வெட்டும் நொதி) மட்டும் போதாது. காம்ப்ளெக்ஸில் புரதம் ஆர்என்ஏவை மூடிக் காக்கும். முதலில் புரோட்டினேஸ் கே (புரதத்தை வெட்டும் நொதி), அதை முடக்கிவிட்டு ஆர்என்ஏஸ். ஒப்பீட்டுக்காக இன்னொரு குழாயில் 0.1% ட்ரைட்டானும் (சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) சேருங்கள். சவ்வு உடைந்து ஆர்என்ஏ அழிய வேண்டும். அந்தக் குழாயைச் செல்களில் ஊற்றாதீர்கள், ட்ரைட்டான் அவற்றைக் கொன்றுவிடும். ஆர்என்ஏ மிஞ்சியதா என்று பிசிஆரில் மட்டும் பாருங்கள்.

பதில் 2:
ஒரு எச்சரிக்கை: புரோட்டினேஸ் கே எக்சோசோமின் மேற்பரப்புப் புரதங்களையும் சீவிவிடும். செல் எக்சோசோமை விழுங்காததாலும் இன்டர்ஃபெரான் குறையலாம். எக்சோசோமுக்குச் சாயமிட்டு, செல் அதை உள்வாங்குவதையும் அளவிடுங்கள்.

காம்ப்ளெக்ஸை நீக்க, புரோட்டீன் ஜி மணிகளால் ஐஜிஜியை (ஆன்டிபாடியின் ஒரு வகை) நீக்கலாம். ஆனால் லூபஸில் வெசிகிள்களின் (எக்சோசோம் போன்ற சவ்வுப் பைகள்) மேலேயே ஐஜிஜி ஒட்டியிருக்கும், அவையும் போய்விடும். முன்னும் பின்னும் துகள்களை எண்ணுங்கள்.

பதில் 3:
உறைய வைக்கும் முன் பிளாஸ்மாவை 2,500 ஜி-யில் 15 நிமிடம், இரண்டு முறை சுழற்றினீர்களா? இல்லையென்றால் மிஞ்சிய தட்டணுக்கள் உருகும்போது உடைந்து வெசிகிள்களைக் கொட்டும். ஹெப்பாரின் குழாயும் வேண்டாம், பிசிஆரைக் கெடுக்கும், சிட்ரேட் நல்லது.