ஹிக்கரிக் கொட்டை பொறுக்கியவர்கள் வாருங்கள், உங்கள் அனுபவம் என்ன?

ஓஹையோ மீனா

போன வருஷ நவராத்திரியில் நடந்தது. இன்னும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. பின்கட்டில் நிற்பது ஷாக்பார்க், வட அமெரிக்க ஹிக்கரி மரத்தில் ஒரு வகை, பட்டை கிழிந்த ஓலை மாதிரி தொங்குமே, அதுதான். இரண்டு வாளி பொறுக்கினேன். மேல்மட்டை நாலாகப் பிளந்து தானே கழன்றுவிட்டது, வேலை மிச்சம். தண்ணீரில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தாம்பாளத்தில் பரப்பி, கொலுப்படிக்குப் பக்கத்திலேயே காயவைத்தேன்.

மூன்றாம் நாள், சுண்டலுக்கு ஆட்கள் வந்திருந்த நேரம். ஒரு குட்டிப்பெண் என் புடவையை இழுத்து, “ஆன்ட்டி, அரிசி நடக்குது” என்றாள். குனிந்து பார்த்தால் தாம்பாளத்தைச் சுற்றிக் கொழுகொழுவென்று வெள்ளைப் புழு. ஒன்று மரப்பாச்சியின் காலடி வரை போய்விட்டது. பல கொட்டைகளில் பென்சில் முனை அளவுக்கு வட்டமாக ஓட்டை. அத்தனையையும் வெளியே கொட்டினேன்.

வெற்றிலைப்பெட்டி

அக்கா, தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தூக்கிப் போட்டிருந்தால் தீர்ந்தது, மிதப்பது பெரும்பாலும் சொத்தை. வண்டு ஆகஸ்டிலேயே, காய் பச்சையாக இருக்கும்போதே முட்டை வைத்துவிடும்.

என் கதை வேறு. பென்சில்வேனியாவுக்கு அப்பா வந்திருந்தார், வெற்றிலைக்காரர். “கொட்டைதானே, குடு” என்று பாக்குவெட்டியை எடுத்தார். நான் தடுத்திருக்க வேண்டும். ஒரே அமுக்கு, பாக்குவெட்டியின் ஆணி தெறித்துவிட்டது. கொட்டைக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எங்கம்மாவோடது” என்றார்.

அப்புறம் கருங்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டினோம். அரைமணி நேரம் ஊசியால் நோண்டியும் ஒரு கைப்பிடி பருப்பு தேறவில்லை. ருசி பெக்கான் கொட்டை மாதிரி, அதைவிட நெய்வாசம். அப்பா ஒரு துண்டை மென்றுவிட்டு, “இதுக்கா?” என்று மட்டும் கேட்டார். ஆணியை இன்னும் அடித்துக் கொடுக்கவில்லை.

மலைப்பாதை

பெக்கான் “மாதிரி” என்ன சகோ, பெக்கானே ஒரு ஹிக்கரிதான். மிதந்தால் சொத்தை, மூழ்கினால் நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள். புழு சின்னதாக இருந்தால் அந்தக் கொட்டையும் மூழ்கும்.

ஊசியால் நோண்டுவதே வீண் வேலை. வட கரோலினாவின் மேற்கு மலைப் பக்கம் செரோக்கி பழங்குடி அம்மா ஒருவர் கனூச்சி, அதாவது ஹிக்கரி உருண்டை, செய்வதைப் பார்த்தேன். மர உரல், ஆள் உயர உலக்கை, ஆனால் உலக்கையின் தடித்த பக்கம் மேலே! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பெரிய ஓட்டுத் துண்டுகளை மட்டும் சலித்து எடுத்துவிட்டு மிச்சத்தை இடித்தார். எண்ணெய் விட்டு விழுதானதும் உருண்டை பிடித்தார். எள்ளுருண்டையேதான். அதை வெந்நீரில் கரைத்தால் ஓட்டுத்தூள் அடியில் தங்கும், மேலே பால். வடிகட்டிச் சோளத்தில் ஊற்றித் தந்தார். முதல் வாயில் தேங்காய்ப்பால் என்று நினைத்தேன். ஹிக்கரி என்ற பெயரே பவ்ஹாட்டன் பழங்குடி மக்கள் இந்தப் பாலுக்கு வைத்த சொல்லிலிருந்து வந்ததுதான். 1770களில் அந்தப் பக்கம் சுற்றிய இயற்கை ஆய்வாளர் வில்லியம் பார்ட்ரம், ஒரே குடும்பத்திடம் 100 புஷலுக்கு மேல் கொட்டை பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஒரு புஷல் சுமார் 35 லிட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரன்

நான் ஆறு கொட்டை நட்டேன். மறுநாள் காலை ஆறு குழி, வேலிமேல் ஒரு அணில். அவ்வளவுதான்.

நடப்போர் கவனிக்க: ஈரமணலில் கலந்து மூன்று நான்கு மாதம் ஃபிரிட்ஜில் வையுங்கள், குளிர் படாமல் முளைக்காது. நட்ட இடத்தின்மேல் கம்பிவலை கட்டாயம். ஆணிவேர் கிடுகிடுவென இறங்கும், அதனால் ஆழமில்லாத தொட்டி கூடாது. ஒரு வருஷம் வளர்த்துப் பிடுங்கி நடலாம் என்றும் நினைக்காதீர்கள், வேர் அறுந்தால் செடி போச்சு. மொட்டு கந்தக மஞ்சளில் இருந்தால் அது பிட்டர்நட் என்ற கசப்பு ஹிக்கரி, வாயில் வைக்க முடியாது. விதையில் வந்த மரம் நன்றாகக் காய்க்க 40 வருஷம் ஆகும், ஒட்டுக்கன்று என்றால் சீக்கிரம். காய்க்க ஆரம்பித்தாலும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்க்காது. கீழே விழுந்ததை அன்றன்றே பொறுக்குங்கள்…

ஓஹையோ மீனா

தோட்டக்காரரே, எனக்கு வயது 51. 40 வருஷம் கழித்துக் கொட்டையை உடைக்கப் பல் இருக்காது 😄

இந்த வருஷம் மரத்தில் சொல்லும்படி காய்ப்பே இல்லை. கிடைத்த ஒரு வாளியில் பாதி மிதந்தது. மிச்சத்தை கராஜில் வைத்திருக்கிறேன், உரல் கிடைத்தால் கனூச்சி. அந்தக் குட்டிப்பெண் இந்தக் கொலுவுக்கும் வந்தாள். சுண்டலை வாங்கவில்லை, நேராகப் போய்ப் படிக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.