அந்த த்ரோ-இன் கோல் ஆப்சைடா இல்லையா?

காரிமங்கலம் லெஃப்ட் பேக்:
இன்டர் காலேஜ் ஃபுட்பால் செமி ஃபைனல்ல, த்ரோ-இன்ல (பக்கக் கோட்டுல இருந்து கையால எறியறது) இருந்து நம்ம டீம் போட்ட கோலை ரெஃப்ரி ஆப்சைடுன்னு தள்ளிட்டாரு. "த்ரோ-இன்ல ஆப்சைடே கிடையாது, ரெஃப்ரி நம்ம காலேஜ் டீம் சீசனையே முடிச்சுட்டாரு"ன்னு நேத்துல இருந்து எல்லா குரூப்லயும் ஓடுது. எரிச்சலா இருக்கு. ஆப்சைடு பத்தின விதி 11-ஐ யாராச்சும் முழுசா படிச்சீங்களா? த்ரோவுல இருந்து நேரா வாங்கினாத்தான் ஆப்சைடு இல்ல. செமி ஃபைனல்ல நடந்தது அது இல்ல. லாங் த்ரோவை நம்ம 9-ஆம் நம்பர் நியர் போஸ்ட்ல தலையால உரசி விட்டாரு. உரசின அந்த நொடியில 11-ஆம் நம்பர் எங்க நின்னாருங்கறதுதான் கணக்கு. ஃபார் போஸ்ட்ல, பந்தைத் தாண்டி நின்னாரு. ஆப்சைடு.

பென்னாகரத்தான்:
வாங்க சார். கோல் லைன்ல அவங்க டிஃபெண்டர் ஒருத்தர் போஸ்ட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னாரே, அவர் கண்ணுக்குத் தெரியலையா?

காரிமங்கலம் லெஃப்ட் பேக்:
தெரிஞ்சுது. ஒருத்தர் பத்தாது. எதிர் டீம்ல கடைசி ஆள் இல்ல, கடைசிக்கு முந்தின ஆள் நிக்கற இடம்தான் ஆப்சைடு கோடு. வழக்கமா கீப்பர் கடைசியா நிக்கறதால டிஃபெண்டர் ஒருத்தரை மட்டும் பார்த்துப் பழகிட்டோம். த்ரோவைப் புடிக்க அவங்க கீப்பர் 5.5 மீட்டர் பாக்ஸ் ஓரம் வரைக்கும் வந்துட்டாரு. அப்ப போஸ்ட்ல நின்னவர் கடைசி ஆள், கீப்பர்தான் கடைசிக்கு முந்தினவர். நம்ம 11 கீப்பருக்கும் கோல் லைனுக்கும் நடுவுல.

பென்னாகரத்தான்:
இவ்வளவு சுத்தி வளைக்க வேண்டாம். கோல் லைன்ல ஆள் நின்னாரு. அவ்ளோதான்.

மத்தூர் கீப்பர்:
9-ஆம் நம்பர் உரசினதுக்கு அப்புறம் அவங்க சென்டர் பேக் தலையிலயும் பட்டுச்சே? எதிர் டீம் தொட்டா ஆப்சைடு போயிடும்ல?

காரிமங்கலம் லெஃப்ட் பேக்:
போகாது. தானா மேல பட்டுத் திரும்பினா கணக்கில்ல, கீப்பர் தடுத்தாலும் கணக்கில்ல. அவரே பந்தை ஆடணும்னு போய் ஆடியிருக்கணும். இங்க ஒரு அடி தூரத்துல இருந்து வந்து மண்டையில பட்டுது.

ஓசூர் செவன்ஸ்:
ரெஃப்ரியை விடுங்க. நம்ம பக்கம் ஊர் ஊருக்கு நடக்கற செவன்ஸ்ல (டீமுக்கு ஏழு பேர் ஆட்டம்) பெரும்பாலும் ஆப்சைடே வைக்கறதில்ல. வருஷம் பூரா அதுல ஆடிட்டு, இன்டர் காலேஜுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பதினோரு பேர் பிராக்டிஸ் வச்சா ஃபார்வர்டு போய் கோல் வாயிலதான் நிப்பாரு. 11-ஆம் நம்பர் பெனால்டி ஸ்பாட் பக்கம், பந்துக்குப் பின்னாடி நின்னு, உரசினதுக்கு அப்புறம் ஓடி வந்திருந்தா அதே கோல் செல்லும். இதை யாரும் சொல்லித் தரல.

பென்னாகரத்தான்:
ஓசூர்க்காரங்க பாடம் எடுக்க வந்துட்டாங்க! 2004-லயே மாவட்டம் பிரிஞ்சு போயாச்சு, இன்னும் தருமபுரி டீமுக்கு அட்வைஸ்.

ஓசூர் செவன்ஸ்:
மாவட்டம் பிரிஞ்சாலும் ரெண்டு பேரும் பெரியார் பல்கலைக்கழகத்துக்குத்தான் ஆடறோம். உங்க செம்மண் கிரவுண்டு கருங்கல் மாதிரி இருக்கு, அதுல அடியில ஆறு ஸ்டட் (குமிழ்) திருகின ஸ்க்ரூ பூட்டு போட்டு ஓட விடறீங்க. குதிகால் போகாம என்ன பண்ணும்? சின்னச் சின்ன ரப்பர் ஸ்டட் நிறைய இருக்கற ஷூதான் அதுக்கு.

மத்தூர் கீப்பர்:
பந்தும் அப்படித்தான். விதிப்படி 8.5-ல இருந்து 15.6 பவுண்டு அழுத்தம் வரைக்கும் காத்து வைக்கலாம். காய்ஞ்ச தரைக்கு 9 பவுண்டு போதும். கட்டை விரலால அமுக்கிப் பார்த்துட்டு கல்லு மாதிரி ஏத்தி வச்சா ஒவ்வொரு பவுன்ஸும் டிஃபெண்டர் தலைக்கு மேல போகும். லீக்னா அடுத்த மேட்ச்ல புடிக்கலாம், நாக்-அவுட்ல ஒரு பவுன்ஸ் போனா மூட்டை கட்டணும்.

பென்னாகரத்தான்:
காத்து, ஷூ எல்லாம் பேசி மறைக்காதீங்க. கோல் லைன்ல டிஃபெண்டர் நின்னாரா இல்லையா?

காரிமங்கலம் லெஃப்ட் பேக்:
நின்னாரு, நின்னாரு, நின்னாரு! ரெண்டாவது ஆள் யாருன்னு சொல்லுங்க. ஆட்டத்துல இன்னொண்ணும் பார்த்தேன்: நம்ம லாங் த்ரோல ரெண்டு ஃபவுல் த்ரோ. ரெண்டு காலும் தரையில இருக்கணும், கோட்டு மேலயோ வெளியிலயோ. பின்னங்காலைத் தூக்கிட்டு எறிஞ்சா பந்து எதிராளிக்கு. அதுக்கும் ரெஃப்ரி மேலதான் பழியா?

பென்னாகரத்தான்:
ரெஃப்ரிக்கு வக்கீல் வேலை பாக்கறீங்க. உங்க ஊர் டீம் போன வருஷம் முதல் ரவுண்டுலயே போனதை யாரும் மறக்கல.

காரிமங்கலம் லெஃப்ட் பேக்:
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கீப்பர் எங்க நின்னாரு, அதைச் சொல்லுங்க.

பென்னாகரத்தான்:
கோல் லைன்ல ஆள் நின்னாரு.