ரா கோப்புக்குத் தமிழ்: மூலப்படமா, பச்சைப்படமா, கழுவாப்படமா?

அன்புள்ள குழுவினருக்கு,

தக்கலை அக்கா தொடங்கிய இழை இது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார். அவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறார். புதுக் கேமராவை எடுத்ததும், படத்தை எந்த வகைக் கோப்பாகச் சேமிப்பது என்று கேட்கும் முதல் மெனுவிலேயே முட்டிக்கொண்டது:

> ரா, ஜேபெக், ரா+ஜேபெக் என்று மூன்று இருக்கிறது. ஜேபெக்கை அப்படியே எழுதிவிட்டேன். ராவை என்ன செய்ய?

ஜேபெக்கை அப்படியே விட்டது சரி. அந்தத் தரத்தை வகுத்த நிபுணர் குழுவின் பெயர்ச்சுருக்கம் அது. 1992இல் தரமாக வந்ததிலிருந்து அதே பெயர்தான். ரா அப்படி இல்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுவதால் சுருக்கம்போலத் தெரிகிறதே தவிர, வேகாதது, பதப்படுத்தாதது என்று பொருள்படும் சாதாரணச் சொல். கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. அதற்குத் தமிழ் தேடத்தான் வேண்டும். 'ரா கோப்பு' என்று எழுதி, அதை இராத்திரி எடுத்த படம் என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

இதுவரை வந்தவற்றில் 'மூலப்படம்' எனக்கு ஒட்டவில்லை. எதிலிருந்து நகல் எடுத்தாலும் அது மூலம்தான். ஜேபெக் படத்தைத் திருத்தி வேறு பெயரில் சேமித்தால், பழைய ஜேபெக்கும் மூலப்படம் ஆகிவிடும். பிறகு எதை எதிலிருந்து பிரித்துக் காட்ட? அதோடு, மூலம் என்றதும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் வைத்தியர் எழுதிவைத்த விளம்பரம்தான் நம் ஊரில் நினைவுக்கு வருகிறது. 'கச்சா'வில் இந்தித் தொடர்பு எனக்குத் தொல்லை இல்லை, கச்சா எண்ணெய் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கச்சா என்றால் மட்டம் என்ற வாடையும் கூடவே வருகிறது. இந்தக் கோப்போ இருப்பதிலேயே உசத்தி.

குளச்சல் தம்பி எழுதியது:

> பச்சைன்னு வையுங்க அண்ணே. ரா பச்சமீனு, ஜேபெக் கருவாடு. கருவாட்டத் தண்ணியில ஊறப்போட்டா மீனாகுமா?

ஆகாது. பச்சரிசி, பச்சைத்தண்ணீர், பச்சை முட்டை என்று நாக்கில் புழங்கும் சொல் வேறு. அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு தடங்கல். 'பச்சைப்படம்' என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால் மறுநாள் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள்; பச்சையாகப் பேசுவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, இதே கையேட்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களைப் பற்றியும் எழுத வேண்டும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் உணரியில் நான்கு கட்டத்துக்கு இரண்டு கட்டம் பச்சை வடிகட்டியோடு இருக்கும், சிவப்பும் நீலமும் ஒவ்வொன்றுதான். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. 'பச்சைப்படத்தில் பச்சைக் கட்டங்கள்' என்று எழுதினால் நமக்கே தலை சுற்றும்.

மார்த்தாண்டம் அண்ணாச்சி சொன்ன அக்கானி - கருப்பட்டி உவமை அருமை. அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம், கற்கண்டு ஆக்கலாம். கருப்பட்டியைக் கரைத்து அக்கானி எடுக்க முடியாது. இதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது, கையேட்டில் கட்டாயம் வர வேண்டும். ஆனால் கலைச்சொல்லாக வைத்தால் ஆரல்வாய்மொழி தாண்டிக் குமரி மாவட்டத்தை விட்டதும் அக்கானி பதநீர் ஆகிவிடுகிறதே.

இனி என் சொல். கழுவாப்படம்.

நான் உருவாக்கிய சொல் இல்லை இது. நாகர்கோவிலில் என் மாமா ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கேதான் கிடப்பேன். வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "ரோலு கழுவியாச்சா?" டெவலப் என்று யாரும் சொன்னதில்லை. மாமாவும் சொன்னதில்லை. கழுவுவது, கழுவக் கொடுப்பது, கழுவி வருவது. கழுவாத ரோலில் படம் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் விழுந்த தடம் மட்டும் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும்.

ரா கோப்பும் இதுதானே? உணரியின் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற கணக்கு மட்டும்தான் அதில் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான் தெரியும்; பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து மற்ற இரண்டு நிறத்தையும் கணித்தால்தான் படம். கேமராவின் முதுகுத் திரையில் உடனே படம் தெரிகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது கோப்புக்குள் கூடவே வைத்திருக்கும் ஒரு ஜேபெக் மாதிரிப் படம். கழுவாத ரோலின் டப்பா மேல் யாரோ ஒட்டிவைத்த சின்னப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவாமல் வைப்பதில் என்ன லாபம் என்று தோவாளையில் தெரிந்துகொண்டேன். விடியுமுன் பூச்சந்தையில் பல்பு வெளிச்சத்தில் பிச்சிப்பூக் குவியலை எடுத்தேன், ஜேபெக்கில். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிச்சி முழுக்க மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் இருந்தது. திருத்தப் போனால் வெள்ளை வந்தது, ஆனால் இதழ்களின் மடிப்பெல்லாம் மங்கித் திட்டுத்திட்டாகிவிட்டது. ஜேபெக்கில் நிறத்துக்கு 256 படிதான். அதிலும் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரமாக வெட்டி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் சேமிக்கிறது. 14 பிட் கழுவாப்படத்தில் 16,384 படி. அதில் வெள்ளை எது என்று வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வாரம் அப்படித்தான் எடுத்தேன். பிச்சி பிச்சியாகவே இருந்தது.

இலக்கணமும் இடிக்கவில்லை. வாடாமல்லி, பொய்யாமொழி வரிசையில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். கிளைச்சொல்லும் எளிதாக வருகிறது: கழுவுதல், கழுவிய படம், கழுவு செயலி. வேர்ச்சொல்லை இருட்டறையிலிருந்து எடுத்ததற்கு வெட்கப்பட வேண்டாம். அடோபி 2004இல் கொண்டுவந்த டிஎன்ஜி என்ற ரா கோப்பு வடிவத்தின் விரிவே டிஜிட்டல் நெகட்டிவ்தான். அவர்கள் தங்கள் ஸ்டுடியோச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நம் ஸ்டுடியோவில் கிடந்ததை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மெமரி கார்டு. 'நினைவட்டை' போதும் என்பது என் கருத்து. 'நினைவக அட்டை' நீளம். பேச்சிப்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் போய்வந்தவர்களுக்கு அட்டை என்றால் காலைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்தான். ஆனால் குடும்ப அட்டைக்கும் அடையாள அட்டைக்கும் பழகிவிட்டோமே. சிப்பு, சில்லு என்று சொல்வதும் உண்டு. சில்லு உள்ளே இருக்கும் பொருள், அட்டை அதைத் தாங்கும் கூடு. இரண்டும் நமக்கு வேண்டும், ஒன்றுக்கு மற்றதைச் செலவழிக்க வேண்டாம்.

அட்டையில் குழப்பம் அளவைவிட வேகத்தில்தான். முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் வாசிப்பு வேகம், கணினிக்குப் படத்தை இறக்கும்போது உதவுவது. கேமராவுக்கு வேண்டியது எழுதுவேகம். வட்டத்துக்குள் 10 என்றால் நொடிக்கு 10 எம்பிக்குக் குறையாது. யு3, வி30 என்ற குறிகள் இரண்டும் 30. வி60, வி90 பெயரிலேயே தெரியும். வீடியோவுக்கு இந்தக் குறைந்தபட்ச எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து சொடுக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு. நொடிக்குப் பத்துப் படம், ஒவ்வொன்றும் 30 எம்பி என்றால் நொடிக்கு 300 எம்பி வருகிறது. சாதாரண யுஎச்எஸ் ஒன்றாம் வகை அட்டைக்கு உச்சமே 104 எம்பிதான். மிச்சம் எங்கே நிற்கும்? கேமராவுக்குள் இருக்கும் பஃபரில். 'இடையகம்' என்று கணினித் தமிழில் எழுதுகிறார்கள். இடையில் இருக்கிறது என்பதைத் தவிர அது ஒன்றும் சொல்லவில்லை. தாங்கல் என்று வைத்தால் என்ன? வேடந்தாங்கல், பழவந்தாங்கலில் இருக்கும் அதே தாங்கல், நீரைத் தாங்கி வைக்கும் ஏரி. வரத்து அதிகம், மடை சின்னது, நடுவில் குளம் தாங்குகிறது. குளம் நிரம்பியதும் கேமரா படம் எடுக்காமல் முழிக்கிறது. நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும், இது என் வயிற்றெரிச்சல். 128 ஜிபி என்று எழுதிய அட்டையை ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கினேன். சித்திரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போய், மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா ஏறுவதையும் எடுத்துத் தள்ளினேன். வீட்டில் திறந்தால் முதல் கொஞ்சப் படம் சரி. பிறகு பாதி சாம்பல். அதற்கும் பிறகு பெயர் மட்டும் இருக்கிறது, படம் திறக்கவே இல்லை. உண்மையில் அது 8 ஜிபி அட்டை. 128 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றிவைத்திருக்கிறார்கள். அடுத்த சித்திரைக்கு ஒரு வருடம் காத்திருந்தேன். 'போலி அட்டை' என்றால் பிராண்டு போலியா, அளவு போலியா என்று தெரியாது. 'பொய்யளவு அட்டை' என்கிறேன். வாங்கியதும் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சோதித்துவிடுங்கள். எஃப்3 என்ற இலவச மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது. நல்ல 64 ஜிபி அட்டை கணினியில் 59 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அது ஆயிரத்தால் வகுப்பதா 1,024ஆல் வகுப்பதா என்ற கணக்கு வழக்குதான்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

---

தம்பிக்கு,

தாங்கல் நன்று, பொய்யளவும் நன்று. கழுவாப்படத்தில்தான் எனக்குத் தயக்கம். ரோலை ஒருமுறை கழுவினால் முடிந்தது, அப்புறம் அது கழுவாத ரோல் ஆகாது. ரா கோப்பை நூறு தடவை கழுவலாம், அது கழுவாததாகவே இருக்கும். உவமை அந்த இடத்தில் ஓட்டை. இன்னொன்று, இப்போதைய பையன்களுக்குக் கழுவுவது என்றால் கழுவி ஊற்றுவது மட்டும்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து

---

அண்ணாச்சி,

ஓட்டை இருப்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அக்கானியும் ஒரு தடவை காய்ச்சினால் தீர்ந்துதானே போகிறது? குளச்சல் தம்பியின் மீனும் அப்படித்தான். எடுக்க எடுக்கக் குறையாத பொருளுக்கு உலகத்தில் உவமை தேடினால் அட்சய பாத்திரம்தான் மிஞ்சும். சொல் அதன் நிலையைக் காட்டினால் போதும், நடத்தை முழுவதையும் காட்ட வேண்டாம். கழுவி ஊற்றுவது பற்றி: அதையும் கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம், பிள்ளைகளுக்கு மறக்காது.

நாகர்கோவிலிலிருந்து

---

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் எதையும் விளக்காமல் கழுவாப்படம், கழுவிய படம் என்ற இரண்டு சொல்லை மட்டும் பலகையில் எழுதினேன். ஸ்டுடியோவில் ரோல் கழுவிய கதையைச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அப்போ ஜேபெக்னா கேமராவே கழுவித் தர்ற படமா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தச் சொல்லையே போட்டுவிட்டேன். அக்கானி பெட்டிச் செய்தியாக வருகிறது, அண்ணாச்சி.

64 ஜிபியில் இரண்டு அட்டை வாங்கிச் சோதித்தும் பார்த்துவிட்டேன், இரண்டும் உண்மையளவு. கழுவாப்படம் ஒன்றுக்கு 30 எம்பி என்றால் ஓர் அட்டையில் இரண்டாயிரம் வரும், பிள்ளைகளுக்குத் தாராளம்.

எழுதுவேகம் என்பதைச் சேர்த்து எழுதவா, பிரித்து எழுதவா? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

தக்கலையிலிருந்து