இ-சேவை மையத்தில் நாள் முழுக்க லேப்டாப், கழுத்து வலி: நாற்காலியை மாற்றணுமா, வேறெதையா?

குடமுருட்டி:
பாபநாசம் பக்கம் ஒரு சின்ன மையம். இ-சேவை, டைப்பிங், ஜெராக்ஸ் எல்லாம் ஒரே மேசையில. மாத்தி மாத்தி ரெண்டு பேர் உட்கார்றாங்க. ரெண்டு பேருக்குமே பின்கழுத்துல ஆரம்பிச்சு வலது தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. சாயங்காலம் ஆனா பின்மண்டை கனக்குது. அளவெல்லாம் டேப் வச்சு எடுத்துப் போடுறேன்.

மேசை உயரம் 30 அங்குலம், முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் அகலம் 24½, மரக்கால். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி, உட்கார்ற இடம் 16½ அங்குலம். 15.6 அங்குல லேப்டாப் நேரா மேசை மேல, டைப்பிங்கும் அதுலயேதான். மனு, ஆதார் நகல், சிட்டா எல்லாம் இடது பக்கம் மேசையில படுத்துக் கிடக்கும். மனு கொடுக்க வர்றவங்க வலது பக்கம் நிப்பாங்க, கைரேகை மெஷினும் அங்கதான் இருக்கு. ஒருத்தருக்கு 28 வயசு, 5 அடி 2 அங்குலம். இன்னொருத்தருக்கு 49, 5 அடி 8, பைஃபோகல் கண்ணாடி. இவரோட எக்ஸ்ரேயில "கழுத்தெலும்பு வளைவு நேராகியுள்ளது, லேசான தேய்மானம்"னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுலேர்ந்து மனுஷன் பயந்துபோயிட்டார்.

காலர் பட்டை போடலாமா? சலூன்ல கழுத்தை நெட்டி முறிச்சா ரெண்டு நாள் சுகமா இருக்கு, அது சரியா? எட்டாயிரம் ரூபாய் நாற்காலி வாங்குனா தீரும்ங்கிறாங்க, தீருமா? பயிர்க் காப்பீட்டுக் கடைசித் தேதி நெருங்குனா பத்து மணி நேரம் நகர முடியாது, அதுக்குள்ள ஒரு வழி பண்ணணும்.

வெட்டாறு (பிசியோதெரபி):
குடமுருட்டி சார், முதலில் எக்ஸ்ரே. நாற்பதைத் தாண்டியவர்களைப் படம் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் தேய்மானம் தெரியும். வளைவு நேராகத் தெரிவதற்குத் தசை இறுகியிருப்பதும், படம் எடுக்கும்போது தலையை வைத்த விதமும்கூடக் காரணமாகலாம். அந்த இரண்டு வரியை வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை.

வலிக்கான காரணம் உங்கள் அளவுகளிலேயே இருக்கிறது. மேசை 30, இருக்கை 16½. இடைவெளி 13½ அங்குலம். 5 அடி 2 அங்குலம் உள்ளவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் முழங்கை, இருக்கையிலிருந்து சுமார் 9 அங்குல உயரத்தில் இருக்கும். அதாவது விசைப்பலகை அவருடைய முழங்கையைவிட நாலரை அங்குலம் மேலே. தோளைத் தூக்கிக்கொண்டேதான் டைப் செய்ய முடியும். தோள்பட்டை எலும்பின் உள் மேல்முனையிலிருந்து கழுத்தின் மேல் நான்கு எலும்புகளுக்கு ஏறும் ஒரு தசை உண்டு. தோளைத் தூக்குவதுதான் அதன் வேலை. காலை பத்து மணிக்குத் தூக்கிய தோளைச் சாயங்காலம்வரை இறக்காவிட்டால் அது என்ன செய்யும்? வலிக்கிற இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் அந்த முனையாகத்தான் இருக்கும்.

வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் சுற்றும்: தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ என்று. 2014இல் வந்த ஒரு கணினி மாதிரிக் கணக்கு அது. ஐந்து கிலோ தலை முன்னே போகப்போகப் பின்கழுத்துத் தசைக்குப் பாரம் கூடும் என்பது சரி. ஆனால் குனிந்தாலே கழுத்து கெட்டுவிடும் என்று பொருளில்லை. அசையாமல் அப்படியே இருப்பதுதான் கெடுதல். திருபுவனத்தில் தறியில் உட்காருபவருக்கும், சுவாமிமலையில் மெழுகு உருவத்தின்மேல் குனிந்திருப்பவருக்கும் இதே தசைகள்தான் வலிக்கும். திரைக்கென்று தனி வியாதி எதுவும் கிடையாது.

சலூன் முறிப்பு: வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஏறுகின்றன. வெடுக்கென்று திருகினால் அதன் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மீட்பது கடினம். "டக்" என்ற சத்தம் மூட்டு நீரில் உண்டாகும் காற்றுக்குமிழி. எலும்பு ஒன்றும் இடத்துக்குத் திரும்பவில்லை. காலரும் இந்த வலிக்குத் தேவையில்லை. நாள்கணக்கில் போட்டால் தசை இன்னும் சோம்பிப்போகும்.

இன்றைக்கு வலி குறைய: இரண்டு கைப்பிடி கல்லுப்பை வெறும் வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து முடிந்து, முதலில் முழங்கையின் உட்பக்கம் வைத்துச் சூடு பாருங்கள். பிறகு 15 நிமிடம் ஒத்தடம். சர்க்கரை நோயால் மரப்பு உள்ளவர்களுக்கு வேறொருவர்தான் சூடு பார்க்க வேண்டும். வலி ஜெல் தடவிய இடத்தில் உடனே ஒத்தடம் கொடுக்கக் கூடாது, தோல் வெந்துவிடும்.

பயிற்சி மூன்று போதும். ஒன்று, சுவரில் முதுகு சாய்த்து, பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவே மடித்த துண்டு வைத்து, தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்துத் துண்டை அழுத்துங்கள். 5 விநாடி, 10 தடவை. எல்லோரும் செய்யும் தப்பு தாடையைக் கீழே இறக்குவது. பார்வை எதிர்ச் சுவரிலேயே இருக்க வேண்டும். இரண்டு, வலது கையின்மேல் உட்கார்ந்துகொண்டு முகத்தை இடப்பக்கம் பாதி திருப்பி, இடது அக்குளைப் பாருங்கள். இடது கையைப் பின்மண்டையில் சும்மா வையுங்கள், இழுக்காதீர்கள். கையின் எடையே போதும். 20 முதல் 30 விநாடி, மூன்று தடவை. பிறகு மறுபக்கம்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். வலுப் பயிற்சி. 2011இல் டென்மார்க்கில் அலுவலக ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வில், ரப்பர் பட்டையைக் காலில் மிதித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்கும் பயிற்சியை தினம் 2 நிமிடம், வாரம் ஐந்து நாள் செய்ய வைத்தார்கள். 10 வாரத்தில் கழுத்து, தோள் வலி கண்கூடாகக் குறைந்தது. 12 நிமிடம் செய்தவர்களுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டை இல்லையென்றால் கைக்கொரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கையைச் சற்று முன்பக்கமாக வைத்து மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். தோள் காதை நோக்கி ஏறினால் எடை அதிகம், பாட்டிலைப் பாதியாக்குங்கள். மறுநாள் காலைவரை வலி நீடித்தாலும் அப்படியே.

நாற்காலியைப் பற்றித் தச்சு வேலை தெரிந்த இழைப்புளி அண்ணன் சொல்வார்.

இழைப்புளி:
தம்பி, எட்டாயிரத்தைப் பத்திரமா வையி. 30 அங்குல மேசைக்கு முன்னாடி எந்த நாற்காலியைப் போட்டாலும் இதே கதைதான்.

மரக்கால்னு சொன்னதால ஆச்சு. காலை 2 அங்குலம் அறுத்து 28 ஆக்கு. மேசையைக் கவுத்துப் போட்டு, பலகையிலேர்ந்து அளந்து நாலு காலுலயும் கோடு போடணும். தரையிலேர்ந்து அளந்தா தரையோட கோணல் மேசைக்கு வந்துரும். அறுத்த முனையில ரப்பர் புஷ் போட மறக்காத, தரை கழுவுற தண்ணி மரத்துல ஏறும்.

அடுத்தது நாற்காலி. அதே மாதிரி இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியை மேல அடுக்கு, ரெண்டு அங்குலம் உசந்துரும். 5 அடி 8 காரருக்கு அது போதும். 5 அடி 2 காரருக்கு அதுக்கு மேல, அமுங்கின பிறகு அரை அங்குலம் நிக்கிற ஒரு திண்டு, ஆக 19. பத்தொம்பதும் ஒம்பதும் இருபத்தெட்டு, முழங்கை மேசைக்கு நேரா வந்துருச்சா? கால் தரையில எட்டாது, அதுக்கு வீட்டு மணைப்பலகை ஒண்ணு. ரெண்டரை, மூணு அங்குல உசரம் இருக்கும், அளவெடுத்து செஞ்ச மாதிரி. நாற்காலிக் காலுக்கு அடியில மட்டும் செங்கல் வைக்காத. பிளாஸ்டிக் கால் விரிஞ்சு நழுவும்.

செங்கல் லேப்டாப்புக்கு. கல் கனம் மூணு அங்குலம். ரெண்டு பக்கமும் மும்மூணு கல்லா அடுக்கி, நடுவுல காலி விட்டு, லேப்டாப்பைப் பாலம் மாதிரி வையி. நடுவுல காத்து போகணும், இல்லன்னா சூடு ஏறி நின்னுரும். கல்லை நியூஸ்பேப்பர்ல சுத்திரு, செம்மண் தூசி ஃபேனுக்குள்ள போவும். 9 அங்குலம் கல்லு, திரை ஒரு 9, ஆக மேல்விளிம்பு 18. சின்ன ஆளுக்குக் கண்மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழ நிக்கும். தனி கீபோர்டு, மவுஸ் கட்டாயம் வாங்கணும், செலவு அது ஒண்ணுதான்.

இப்ப முக்கியமானது. நீங்க எல்லாரும் திரையையே பேசுறீங்க, உங்க ஆளு பாதி நேரம் பார்க்குறது பேப்பரை. மனு மேசையில படுத்துக் கிடந்தா லேப்டாப்பை ஆகாசத்துல தூக்கி வச்சாலும் கழுத்து குனியத்தான் செய்யும். பரீட்சை அட்டை ஒண்ணு எடு. கீபோர்டுக்கும் கல்லுக்கும் நடுவுல, கல்லுமேல சாய்ச்சு வையி, 45 டிகிரி. அடியில நழுவாம இருக்க அரை அங்குல ரீப்பர் கட்டை ஒண்ணை மேசையில ஆணி அடிச்சிரு. லேப்டாப்புக்கு 10, அட்டைக்கு 8, கீபோர்டுக்கு 6, மொத்தம் 24. உன் மேசை 24½. பேப்பரும் திரையும் ஒரே கோட்டுல வந்துருது, இடது பக்கம் திரும்புற வேலையே இல்ல.

அரசலாறு (கண்ணாடிக் கடை):
அண்ணன் சொன்ன மூணு கல் 49 வயசுக்காரருக்கு ஆகாது. பைஃபோகல்ல அடிப்பாதி புத்தகம் படிக்கிற 35, 40 சென்டிமீட்டருக்குப் போட்டது. திரை உசரத்துல இருந்தா அந்த அடிப்பாதி வழியா பார்க்க முகவாயைத் தூக்குவார், கூடவே கழுத்தை முன்னாடி நீட்டுவார். மண்டையோட்டு அடியில இருக்கிற சின்னத் தசைகள் அப்பதான் இறுகும். பின்மண்டை கனக்குறது அதுதான்னு நினைக்கிறேன். அவர் உட்காரும்போது ரெண்டு பக்கமும் ஒரு கல்லை எடுத்துடுங்க, மூணு அங்குலம் இறங்கும்.

நிரந்தர வழி, திரை தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி. மேசையைச் சரிபண்ணின பிறகு கண்ணுலேர்ந்து திரைக்கும், அட்டைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து சீட்டுல எழுதிக்கிட்டுப் போய்ச் சோதனை பண்ணுங்க. "கம்ப்யூட்டர் கண்ணாடி"ன்னு மொட்டையா கேட்டா நீலக் கோட்டிங் போட்டதைத் தலையில கட்டுவாங்க. அது கழுத்துக்கு ஒண்ணும் பண்ணாது.

திரை இப்ப 70 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். எழுத்து சின்னதாத் தெரிஞ்சா மறுபடி முன்னாடி சாய்வாங்க. பிரவுசர்ல 125 சதவீதம் வச்சிடுங்க. வாசல் வெளிச்சம் திரையில விழுந்தாலும் இதேதான், மேசையை வாசலுக்குப் பக்கவாட்டா திருப்பணும்.

கோரைப்பாய்:
இவ்ளோ எதுக்கு? தலையணையைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் பாயில படுக்கச் சொல்லுங்க. அந்தக் காலத்துல யாருக்குக் கழுத்து வலி வந்துச்சு?

வெட்டாறு:
மல்லாந்து படுப்பவருக்கு மெல்லிசுத் தலையணையோ மடித்த துண்டோ போதும், அதுவரை சரி. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையணை இல்லையென்றால் தலை தோள்வரை தொங்கி, காலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். காதுக்கும் தோள்முனைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும், அமுங்கிய பிறகு நாலைந்து அங்குலம். இலவம்பஞ்சு நல்லதுதான், ஆனால் கட்டிதட்டி நடுவில் பள்ளம் விழுந்தால் உயரம் போய்விடும். வெயிலில் போட்டுத் தட்டி, அல்லது பிரித்துப் பஞ்சு சேர்த்துத் தைக்கலாம். குப்புறப் படுத்துக்கொண்டு செல்போன் பார்ப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
நன்றி எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம். அசையாம இருக்கிறதுதான் கெடுதல்னு வெட்டாறு சொன்னார், ஆனா வரிசையில பதினைஞ்சு பேர் நிக்கும்போது அரைமணிக்கொரு தடவை எழுந்திருக்கிறது நடக்காது. இன்னொண்ணு, 28 வயசுக்காரருக்கு ராத்திரி வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகுது. கையை உதறினா சரியாகுது. கழுத்து நரம்பு நசுங்கியிருக்குமோ?

வெட்டாறு:
பிரிண்டரை எட்டுகிற தூரத்திலிருந்து நான்கு அடி தள்ளி வையுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் தானாக எழுந்திருப்பார், யாரும் காத்திருக்க வேண்டாம். கைரேகை மெஷினை வலது ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள், மனுதாரரையும் எதிரில் நிற்கச் சொல்லுங்கள். வலது பக்கம் மட்டும் நாள் முழுக்கத் திரும்பும் கழுத்துக்கு அதுவே பாதி நிவாரணம்.

விரல் மரப்பு: தூக்கத்தில் வந்து, உதறினால் போகிறது என்றால் மணிக்கட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உயரமான மேசை விளிம்பில் மணிக்கட்டை மடித்து ஊன்றி டைப் செய்பவர்களுக்கும் இது வரும். இரவில் மட்டும் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுப் பாருங்கள், சில வாரத்தில் குறையும். கழுத்து நரம்பு என்றால் அண்ணாந்து பார்க்கும்போதோ, வலி உள்ள பக்கம் தலையைச் சாய்க்கும்போதோ தோளிலிருந்து கைக்குச் சுரீரென்று இறங்கும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் பலருக்குக் குறையும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அதனால் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம்.

தாமதிக்கக் கூடாதவை: பிடியில் வலு குறைந்து டம்ளர் நழுவுவது, சட்டைப் பொத்தான் போட விரல் திணறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி. 49 வயசுக்காரருக்கு வியர்வையோடு இடது கை, தாடை, நெஞ்சு சேர்ந்து வலித்தால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், 108.

இழைப்புளி:
மெஷினை நடுவுல வச்சா அட்டை மேல உட்காரும் தம்பி. லேப்டாப் கல்லுக்கு இடது பக்கத்துல, மனுதாரர் நிக்கிற பக்கத்து விளிம்புல வையி. ஒயர் எட்டாது, ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒண்ணு வாங்கிக்க. காலை அறுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் உட்கார வச்சு இன்னொரு தடவை முழங்கையை அள. அறுத்த காலை ஒட்ட முடியாது.