மயிலாப்பூரில் வாடகை வீடு: அம்மா நடந்தே எல்லா இடத்துக்கும் போய்வர வேண்டும். இந்த வீட்டை எடுக்கலாமா?

மதுரைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மதுரையிலிருந்து சென்னைக்கு மாறுகிறோம். மனைவிக்கு டைடல் பார்க்கில் வேலை. அம்மாவுக்கு 69 வயது. அப்பா போனபிறகு, காலையில் கோயில், பூக்கடை, காய்கறி என்று ஒரு சுற்று நடந்து வந்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது ஓடும். எதற்கெடுத்தாலும் ஆட்டோ பிடிக்க வேண்டிய இடத்தில் உட்கார வைத்தால் ஒடுங்கிப் போவார். அதனால்தான் ஓ.எம்.ஆர். பக்கம் போகாமல் மயிலாப்பூரில் தேடினோம்.

கபாலீஸ்வரர் கோயிலின் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. இரண்டு படுக்கையறை, இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. வாடகை 27,000. அட்வான்ஸ் ஆறு மாதம். கரண்டுக்குத் தனி இணைப்பு இல்லை, ஓனர் இணைப்பிலிருந்து சப் மீட்டர், யூனிட்டுக்கு 10 ரூபாய். 11 மாத ஒப்பந்தம், பதிவு வேண்டாம் என்கிறார் ஓனர். வீட்டை உறுதி செய்ய ஞாயிற்றுக்கிழமைக்குள் டோக்கன் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பழைய வாடகைதாரர்:
சார், பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2017-ல் வந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் அதில் இடம் உண்டு. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மூன்று மாதம் என்று பேசிவிடுங்கள். காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

கரண்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டரில் 300 யூனிட் ஓடினால் பில் ஆயிரத்தைத் தொடாது. இவர் கணக்கில் 3,000. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் மேல் அடுக்கு விலைக்குப் போய்விடும், அதனால்தான் ஓனரும் கூட்டிக் கேட்கிறார். தனி இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள்.

மந்தைவெளிவாசி:
தம்பி, முப்பது வருஷமாக இந்தப் பக்கம் இருக்கிறேன். அம்மாவுக்காக மயிலாப்பூர் என்று முடிவு செய்தது ரொம்ப நல்ல விஷயம். கோயில், குளம், காய்கறிக் கடை, பூ, மருந்துக்கடை எல்லாம் காலடியில் இருக்கும். உங்கள் மனைவி திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் திருவான்மியூரில் இறங்கலாம், டைடல் அங்கிருந்து பக்கம்தான்.

ஆனால் இரண்டாவது மாடி என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. தெரு எவ்வளவு பக்கமாக இருந்தாலும், படி ஏற மூட்டு ஒத்துழைக்காவிட்டால் அம்மா கீழே இறங்குவதையே குறைத்துவிடுவார். என் மாமியார் அப்படித்தான் ஆனார். முதலில் நாளுக்கு இரண்டு தடவை, அப்புறம் வெள்ளிக்கிழமை மட்டும், அப்புறம் ஜன்னல்தான். டோக்கன் கொடுப்பதற்கு முன் அம்மாவை அழைத்து வாருங்கள். அவர் நடக்கிற வேகத்திலேயே வீட்டிலிருந்து கோயிலுக்குப் போய்த் திரும்பி, படியும் ஏறிப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு தடவை. சாயந்திரம் நடைபாதையில் வண்டி நிற்கும், கடையும் இருக்கும், தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாக வரும் வீடுகள் உண்டு. மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், கீழ்த்தொட்டிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று ஓனரைக் கேட்காமல் கீழ்வீட்டுக்காரரைக் கேளுங்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்தச் சமயம் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

பங்குனித் திருவிழா சமயத்தில் மட்டும் சாமான் ஏற்றி வராதீர்கள். அறுபத்து மூவர் ஊர்வலம் அன்று மாட வீதிக்குள் லாரி நுழையவே முடியாது.

மதுரைக்காரன்:
அக்கா, சார், இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை அம்மாவை அழைத்துப் போனேன். படி 38. முதல் தடவை சிரித்துக்கொண்டே ஏறினார். கோயிலுக்குப் போய் வந்து இரண்டாவது தடவை ஏறும்போது நடுவில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டார். சாயந்திரம் பூ வாங்கப் போகலாமா என்றேன், "நீயே வாங்கிட்டு வந்துடுப்பா" என்றார். மதுரையில் அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. டோக்கன் கொடுக்கவில்லை.

தரகரை விட்டுவிட்டு மந்தைவெளி ஸ்டேஷன் பக்கம் டு-லெட் போர்டு பார்த்து நாங்களே தேடினோம். தரைத்தளத்தில் ஒரு வீடு. கூடம் சின்னது, வெளிச்சம் கொஞ்சம் குறைவு, வாடகையும் 29,000. ஆனால் மூன்று மாத அட்வான்ஸ், தனி கரண்ட் மீட்டர், தண்ணீரும் உப்பில்லை. கோயிலுக்கு அம்மா நடையில் இருபது நிமிடம். நடுவில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்தார், திரும்பி வந்ததும் சாயந்திரமும் போகலாமா என்று அவராகவே கேட்டார். ஒரே சந்தேகம்: ஒப்பந்தப் பதிவை யார் செய்ய வேண்டும்?

பழைய வாடகைதாரர்:
ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், பதிவு எண் தருவார்கள். ஓனருடன் உட்கார்ந்து சேர்ந்தே செய்துவிடுங்கள். அட்வான்ஸ் தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள், ஒப்பந்தத்திலும் அந்தத் தொகை இருக்கட்டும்.

மந்தைவெளிவாசி:
இருபது நிமிடம் என்றால் நானும் அம்மாவும் சேர்ந்தே போகலாம் தம்பி. காலை ஆறரைக்குக் கிளம்புவேன். சாமான் இறக்கியதும் சொல்லுங்கள்.